காட்சியைச் சுமந்த தோள்கள்

கூலி என்னும் சொல் தமிழில் மனிதனைக் குறிப்பதன்று; மனிதன் செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியத்தைக் குறிப்பது. வேலை செய்தவன் கூலியாள். அவன் பெறுவது கூலி. இச்சொல்லோடு தொடர்புடையதென அகராதிகள் காட்டும் ஆங்கிலச் சொல்லோ ஊதியத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் துரைமார் தம் பயணக் குறிப்புகளில் ‘இத்தனை கூலிகள்’ என்று எழுதும்போது, பெயரும் ஊரும் குடும்பமும் உடைய மனிதர் மறைந்து, சுமையை நகர்த்தும் இத்தனை சோடிக் கால்கள் மட்டுமே எஞ்சுகின்றன. ஒரு சொல்லின் பொருள் மாறிய கதையில் ஒரு யுகத்தின் சமூக உறவு அடங்கிக் கிடக்கிறது.

இவ்வுறவைத் தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் புகையிரதப் பாதைகளிலும் தேடி எழுதியோர் பலர். நாம் இங்கே எடுத்துக்கொள்வது அதிகம் பேசப்படாத ஒரு துறையை: நிலக்காட்சிப் புகைப்படக் கலையை. மலைச் சிகரமும் பனிக்கணவாயும் காடு மூடிய பழைய நகரமும் பதிந்த அழகிய படங்களை நூலகங்களிற் பார்க்கிறோம், வியக்கிறோம். ஆயின், அப்படத்தை எடுத்த கமரா அந்த இடத்துக்கு எவ்வாறு போய்ச் சேர்ந்தது என்று கேட்பதில்லை. அக்கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், கலை வரலாறு என்று நாம் எண்ணியிருந்தது உழைப்பின் வரலாறாகவும், இறுதியில் நிலத்தின் வரலாறாகவும் விரிவதைக் காணலாம்.

பெட்டியின் பாரம்

இன்றைய மாணவர் கமரா என்றதும் கைத்தொலைபேசியை நினைப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிலக்காட்சிக் கமரா ஒரு மரப்பெட்டி. முன்புறம் வில்லை, பின்புறம் கண்ணாடித் தகடு, இரண்டையும் இணைத்து நீண்டும் சுருங்கியும் கொடுக்கும் தோல் அல்லது துணித் துருத்தி. அதனைத் தாங்குவதற்கு ஒரு கனத்த முக்காலி. படம் பிடிப்பவர் தலையை மூடிக்கொள்ள ஒரு கறுப்புத் துணி. பெட்டி ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது? சிறு படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வழி அக்காலத்தில் எளிதாக இல்லை. கண்ணாடித் தகட்டைத் தாளின்மேல் வைத்து வெயிலிற் காட்டியே படம் எடுத்தனர். ஆதலால் 12 அங்குலப் படம் வேண்டுமெனின் 12 அங்குலத் தகடு வேண்டும். அதற்கேற்ற பெட்டியும் வேண்டும். படத்தின் பெருமை அவ்வளவும் சுமையின் பெருமையாயிற்று.

பெட்டியைவிடப் பெரிய சுமை இரசாயனம். 1851இல் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை அடுத்த முப்பது ஆண்டுகள் வரையில் உலகெங்கும் கோலோச்சியது. ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்த வெடிபஞ்சுக் கரைசலைக் கண்ணாடியில் ஊற்றிப் படலமாகப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் கமராவிற் பொருத்திப் படம்பிடித்து, ஈரம் காயுமுன்னரே அதனைக் கழுவி உருத்தோன்றச் செய்ய வேண்டும். ஏறக்குறைய பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் இவ்வளவும் முடிதல் வேண்டும். எமது நாட்டு வெப்பத்தில் ஈதர் பறந்துவிடுமாதலின் அவ்வவகாசமும் குறைந்தது. எனவே இருட்டறையை வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாது. இருட்டறையே கூடாரமாக மலையேற வேண்டும். கண்ணாடித் தகடுகள், மருந்துப் போத்தல்கள், தட்டங்கள், கழுவுவதற்குத் தூய நீர் எல்லாம் கூடவே சென்றன. ஒருநாட் பயணத்துக்குப் புறப்படும் தனி மனிதரின் கருவிகளே ஏறக்குறைய நூறு இறாத்தல் எடை இருந்தன. மாதக்கணக்கான பயணமெனின் சுமையைச் சொல்லவும் வேண்டுமோ?

ஐரோப்பாவில் அச்சுமையைத் தள்ளுவண்டியும் குதிரைவண்டியும் இழுத்தன. ஆசியாவின் மலைகளிலும் காடுகளிலும் வண்டி செல்லாத இடத்தில் அதை ஏற்றது மனிதத் தோள்.

இமயத்தில் நாற்பத்திரண்டு பேர்

இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் வங்கி எழுதுவினைஞராக இருந்த சாமுவேல் போர்ன் 1863இல் இந்தியாவுக்கு வந்தார். அவ்வாண்டே சிம்லாவிலிருந்து இமயத்துள் முதற் பயணம் புறப்பட்டார். பத்து வாரப் பயணம். கருவிகளையும் உணவையும் சுமக்க ஏறக்குறைய முப்பது பேர். 1864இல் காஷ்மீர்ப் பயணம் ஒன்பது மாதத்துக்கு மேல் நீண்டது. சுமையாட்கள் நாற்பத்திரண்டு பேர். 1866இல் மூன்றாம் பயணத்தின்போது 18,600 அடி உயரமான மணிரங் கணவாயிற் கமராவை நிறுத்திப் படம்பிடித்தார். அதற்கு முன் அவ்வளவு உயரத்தில் எவரும் படம்பிடித்ததில்லை. பல்லாண்டுகள் அச்சாதனை முறியாமலே நின்றது. பனிக்குளிரில் விரல் விறைக்க, காற்றில் கூடாரம் ஆட, கண்ணாடியின்மேல் மருந்தை ஒழுங்காகப் பரப்பிய கைத்திறனை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. போர்ன் பெருங்கலைஞர், அவர் படங்கள் இன்றும் கண்ணைக் கவர்வன.

ஆனால் 18,600 அடி ஏறியவர் போர்ன் மட்டுமல்லர். அவர் வெறுங்கையோடு ஏறிய அதே உயரத்துக்குக் கண்ணாடிப் பெட்டிகளை முதுகிற் கட்டிக்கொண்டு, தக்க காலணியோ கம்பளியோ இன்றி ஏறியவர்கள் மலைநாட்டுக் குடியானவர்கள். அறுவடைக் காலத்தில் வயலை விட்டு அழைத்துவரப்பட்டோரும் அவர்களில் இருந்திருப்பர். அவர்கள் சுமந்தவை கமராவும் மருந்தும் மட்டுமல்ல. துரையின் கூடாரம், தளபாடம், உணவு, மது ஆகியனவும் அச்சுமைகளில் அடக்கம். சுமையை வழியில் விட்டுவிட்டு ஊருக்குள் ஒளிந்துகொண்ட சுமையாட்களைத் தாம் தடியுடன் தேடிச் சென்று அடித்ததை, ‘பிரிட்டிஷ் ஜேர்னல் ஒஃப் ஃபொட்டோகிராஃபி’ என்னும் இலண்டன் இதழுக்கு எழுதிய பயணக் கட்டுரைகளில் போர்ன் தாமே பதிவு செய்திருக்கிறார். அதனை மறைக்கவேண்டிய செயலாக அவர் கருதவில்லை. வாசகரும் கருதமாட்டார் என்று அவருக்குத் தெரியும். சோம்பேறிகள், நம்பத்தகாதவர்கள் என்பதே அவர்கள்மேல் அவருக்கிருந்த முறைப்பாடு.

அவர்கள் ஏன் ஓடினார்கள் என்று வரலாற்று மாணவன் கேட்கவேண்டும். இமயமலைப் பிரதேசங்களில் ‘பேகார்’ என்னும் கட்டாய உழைப்பு முறை நிலவியது. அதிகாரியோ அவருடைய ஆதரவு பெற்ற பயணியோ வந்தால், ஊர் தன் ஆண்களைச் சுமை தூக்க அனுப்பவேண்டும். கிடைப்பது சிறு கூலி. அதுவும் கிடையாமற் போவதுண்டு. மறுக்கும் உரிமை இல்லாதவனுக்கு ஓட்டமே எதிர்ப்பின் வடிவம். அன்று தனித்தனியே ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள் பின்னர் ஒன்றாக நின்றார்கள். 1921 ஜனவரியில், நாம் தைப்பொங்கல் கொண்டாடும் அதே சங்கிராந்திக் காலத்தில், குமாவோன் மலைநாட்டின் பாகேசுவரத் திருவிழாவிற் கூடிய மக்கள், கட்டாயச் சுமையாட்களின் பெயர் எழுதிய பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசி எறிந்தனர். பத்ரி தத் பாண்டே முதலியோர் தலைமை தாங்கிய அப்போராட்டத்தின் பின் அங்கே அம்முறை ஒழிந்தது. இமயத்துப் பனிப்படங்களின் வரலாற்றை எழுதுவோர் மணிரங் கணவாயோடு நிறுத்திவிடுகின்றனர். அவ்வரலாற்றின் அடுத்த அத்தியாயம் சரயு ஆற்றங்கரையில் எழுதப்பட்டது என்பதே எமது கருத்து.

கல்வெட்டில் இருந்த பெயர்கள்

தமிழ்நாட்டுக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையைச் சேர்ந்த கப்டன் லினேயஸ் ட்றைப் 1857 முதல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகப் பணியாற்றினார். சீரங்கம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை ஆகிய இடங்களின் கோயில்களையும் கோட்டைகளையும் மலைகளையும் 1858இல் அவர் படம்பிடித்தார். கண்ணாடிக்குப் பதிலாக மெழுகூட்டிய தாளை அவர் பயன்படுத்தினார். ஆயினும் 12 அங்குலத்துக்கு 15 அங்குலம் என்னும் அளவுடைய பெருங்கமரா அவருடையது. மாட்டுவண்டிகளில் ஊரூராகச் சென்றது அச்சுமை. அவர் படைப்புகளில் வியப்புக்குரியது தஞ்சைப் பெரியகோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளின் தொடர்படம். இருபத்தொரு அச்சுகளை ஒட்டி அமைத்த அச்சுருள் ஏறக்குறைய 19 அடி நீளமானது. ஓர் எழுத்தும் விடுபடலாகாது என்ற அக்கறை அதிற் புலப்படுகிறது.

இதில் ஒரு முரண் உண்டு. அதே கோயிலின் இன்னொரு கல்வெட்டில், இராசராச சோழன் அங்கே குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள், அவரவர் குடியிருந்த வீட்டின் இடத்தோடும் பெற்ற பங்கோடும் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருக்கின்றன. இசைவாணர், தச்சர், வண்ணார் முதலானோர்க்கும் அங்கே இடமுண்டு. அது சமத்துவ அரசன்று, நிலவுடைமைப் பேரரசு. எனினும் தனக்கு உழைத்தவர் இன்னார் என்று கல்லில் எழுதவேண்டிய தேவை அதற்கு இருந்தது. எட்டரை நூற்றாண்டு கழித்து அக்கோயிலின் கல்லைப் படம்பிடிக்க வந்த நவீன அரசின் படத்தொகுதிகளில் கோபுரத்தின் பெயர் உண்டு, மண்டபத்தின் பெயர் உண்டு, வண்டி ஓட்டியவர் பெயரும் பெட்டி தூக்கியவர் பெயரும் இல்லை. ட்றைப்பிடம் உதவியாளராயிருந்து தொழில் கற்ற ஐயாசாமி என்னும் தமிழரின் பெயர் எஞ்சியிருப்பது அருமையான விதிவிலக்கு. பெட்டியைத் தூக்கியவர் மறைந்தார். பெட்டியைத் திறந்து பார்க்கக் கற்றவர் மட்டுமே பெயர் பெற்றார். ஆசிரியர்களாகிய நாம் சிந்திக்கவேண்டிய வேறுபாடு இது.

இலங்கையின் காட்டுவழி

இலங்கையில் 1868இல் ஆளுநர் சேர் ஹேர்க்கியுலீஸ் ரொபின்சன் தொல்பொருட் குழுவொன்றை அமைத்தார். அதன் தொடர்ச்சியாக 1870, 1871 ஆண்டுகளில் கண்டியிற் படப்பிடிப்பு நிலையம் நடத்திய ஜோசப் லோட்டன், அனுராதபுரம், மிகிந்தலை, பொலநறுவை, சிகிரியா ஆகிய இடங்களைப் படம்பிடித்தார். புகையிரதம் 1867இலேதான் கண்டியை எட்டியிருந்தது. வடமத்திய காடுகளில் அது இல்லை. காய்ச்சலுக்குப் பேர்போன அக்காடுகளிற் கொலோடியன் முறையில் வேலை செய்த லோட்டன் நோயாளியாகி இங்கிலாந்து திரும்பி 1872இல் இறந்தார். கலைஞன் கொடுத்த விலையை நாம் மதிக்கிறோம். காட்டை வெட்டி வழி செய்தவரும் சுமை தூக்கியவரும் கொடுத்த விலை எந்த ஏட்டிலே உள்ளது?

இக்காலத்து இடிபாட்டுப் படங்களிற் பலவற்றில் தூணின் அருகிலோ தாதுகோபத்தின் அடியிலோ சுதேசி ஒருவர் நிறுத்தப்பட்டிருப்பார். அவர் யாரென்பதற்காக அல்ல; தூண் எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காக. கல்லுக்குப் பெயரும் காலமும் உண்டு. பக்கத்தில் நிற்கும் உயிருள்ள மனிதர் ஓர் அளவுகோல்.

இலங்கையிற் சுமையின் சட்ட வரலாறும் குறிப்பிடத்தக்கது. அரசனுக்குரிய ஊழியமாகிய இராசகாரியத்தைப் பிரித்தானிய அரசு 1832இல் ஒழித்தது. பதினாறு ஆண்டுகளின் பின், 1848இன் வீதிச் சட்டம், வயதுவந்த ஆண்கள் ஆண்டுதோறும் ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும் அல்லது பணம் கட்டவேண்டும் என்றது. அவ்வாண்டின் மாத்தளைக் கிளர்ச்சிக்கு அச்சட்டமும் ஒரு காரணம். இவ்வாறு திறந்த வீதிகளில்தான் கோப்பியும் துரையும் கமராவும் போய்வந்தன.

இராசகாரிய ஒழிப்புக்கு வழிகோலிய விசாரணைக் குழுவின் இருவர் கோல்புறூக்கும் கமரனும் என்பது பாடநூற் செய்தி. அந்தச் சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவியே புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரன் என்பது பலர் அறியாதது. குடும்பத்துக்குத் தோட்டங்கள் இருந்தமையால் 1875இல் இருவரும் இலங்கையிற் குடியேறினர். களுத்துறையில் அவர் காட்சிகளைத் தேடவில்லை, முகங்களைத் தேடினார். உழைக்கும் எளியோரைக் கமராவின் முன் நிறுத்தினார். பிறரினும் ஓரடி முன்னேறிய பார்வை அது. ஆயினும் தோட்ட முதலாளியின் மனைவி ‘நில்’ என்றால் மறுப்பதற்கு அவர்களால் முடிந்திருக்குமா என்ற ஐயம் அப்படங்களைப் பார்க்குந்தோறும் எழாமற் போகாது. 1879இல் அவர் இலங்கையிலேயே காலமானார்.

எங்கள் கிழக்குக் கரையோ அன்று படக்காரர்களின் வழக்கமான பாதையில் இல்லை. ஸ்கீன், ஸ்கோவன் முதலிய நிலையங்கள் பயணிகளுக்கு விற்ற தொகுதிகளில் கண்டி ஏரியும் பேராதனைத் தோட்டமும் கோப்பி மலைகளுமே திரும்பத் திரும்ப வருவன. மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928இல். கல்முனைக்கு இன்றும் வரவில்லை. படமில்லை என்பதால் வரலாறு இல்லை என்றாகுமா? இக்கரையிலும் ஒரு சுமையின் வரலாறு உண்டு. அதன் பெயர் தவளம். உப்பும் கருவாடும் துணியும் பொதியாக ஏற்றிய மாடுகளை வரிசையாக ஓட்டி, காட்டுவழியே ஊவாவுக்கும் கண்டி நாட்டுக்கும் சென்று, பாக்கு முதலிய பண்டங்களோடு திரும்பிய வணிகத்தில் இக்கரையின் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டனர். வண்டில் செல்லாத வழியை அவர்கள் அறிவர். நீர் எங்கே கிடைக்கும், யானை எப்போது வரும், எந்தச் சிங்களக் கிராமத்தில் தங்கலாம் என்பதை அறிவர். கரைக்கும் மலைக்கும், தமிழ் பேசுவோர்க்கும் சிங்களம் பேசுவோர்க்கும் இடையே உறவை வளர்த்தது அந்த நடை. அவர்களுக்கு அந்நிலம் காட்சியன்று; வழி. கமராக்காரன் நின்று பார்த்த நிலத்தை அவர்கள் நடந்து அறிந்தனர்.

வெறுமை என்னும் பொய்

சுமந்தவரைப் படத்திலிருந்து நீக்கியதன் விளைவு நன்றிகெட்ட தன்மையோடு முடியவில்லை. மனிதரில்லாத நிலம் என்னும் கருத்து அதிலிருந்து பிறந்தது. அமெரிக்காவைப் பாருங்கள். 1861இல் கார்ள்ட்டன் வட்கின்ஸ் 18 அங்குலத்துக்கு 22 அங்குலமான கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றி கலிபோர்னியாவின் யொசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குச் சென்றார். அப்படங்களின் அழகு தலைநகர்வரை பேசப்பட்டது; 1864இல் ஜனாதிபதி லிங்கன் அப்பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்திற் கையொப்பமிட்டார். நற்செயலே. ஆனால் அப்படங்களிற் காணும் தூய தனிமை இயற்கை தந்ததன்று. பத்தாண்டுகளுக்கு முன், 1851இல், மாரிப்போசாப் படையினர் அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்களைத் துரத்தியிருந்தனர். ஊரை வெறுமையாக்கியது துப்பாக்கி. அவ்வெறுமையை அழகாக்கியது கமரா.

1871இல் யெலோஸ்ரோன் பிரதேசத்தைப் படம்பிடித்த வில்லியம் ஹென்றி ஜாக்சனின் சுமையைச் சுமந்த கோவேறு கழுதைக்கு ‘ஹைப்போ’ என்று பெயர். படத்தை நிலைநிறுத்தும் உப்பின் பெயரையே அதற்கு அன்போடு இட்டிருந்தார் அவர். அப்பெயர் இன்றும் புகைப்பட வரலாற்று நூல்களில் இருக்கிறது. அமெரிக்கக் கழுதையின் பெயரை அறிந்த உலகம், போர்னின் கருவிகளைச் சுமந்த நாற்பத்திரண்டு மனிதரில் ஒருவரின் பெயரையும் அறியாது!

தன் முதுகில் ஏற்றியவர்

தொழில்நுட்பம் மாறியது. 1871இல் மடொக்ஸ் என்னும் மருத்துவர் உலர் ஜெலற்றின் தகட்டுக்கு வழிகாட்டினார். இருட்டறைக் கூடாரம் தேவையற்றதாயிற்று. 1888இல் ஈஸ்ட்மனின் கொடாக் கமரா கையடக்கமாக வந்தது. இப்போது நிலக்காட்சிக் கலைஞன் சுமையாளின்றியே மலையேறலாம். ஆயினும் நுட்பமான பெரும்படத்தை விரும்பியோர் பெருங்கமராவைக் கைவிடவில்லை. அதைத் தம் முதுகில் ஏற்றினர். 1927 ஏப்ரல் 10ஆம் நாள் அன்சல் அடம்ஸ் என்னும் இளைஞர், ஆறரை அங்குலத்துக்கு எட்டரை அங்குலத் தகடு கொள்ளும் கமராவையும் பன்னிரண்டு கண்ணாடித் தகடுகளையும் முக்காலியையும் ஏறக்குறைய நாற்பது இறாத்தற் பொதியாக முதுகிற் கட்டி, யொசெமிட்டியின் பனிபடர்ந்த சரிவில் ஏறினார். உச்சியில் எஞ்சியவை இரண்டு தகடுகள். அவற்றுள் கடைசித் தகட்டில், சிவப்பு வடிகண்ணாடி பொருத்தி, வானம் கறுத்துப் பாறை எழுந்து நிற்க அவர் எடுத்த படம் இந்நூற்றாண்டிலும் பேசப்படுகிறது.

சொந்தத் தோளிற் சுமப்பதில் ஓர் அறம் உண்டு. பன்னிரண்டு தகடு மட்டுமே தூக்க முடியும் என்பவன் பன்னிரண்டு தடவை சிந்திக்கிறான். பிறன் தோள் இலவசமாகக் கிடைத்தவனுக்கு அந்த எல்லை இல்லை. எனினும் சுமப்பவன் மாறியதால் மட்டும் பார்வை மாறிவிடாது. 1930களில் வேலையின்மையும் பாசிசமும் உலகை உலுக்கியபோது அடம்ஸ் பாறையையும் மரத்தையும் படம்பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பிரெஞ்சுக் கலைஞர் கார்த்தியே பிரெசோன் குறைகூறியதாகச் சொல்வர். அக்குறையில் உண்மை இருந்தது. ஆனால் அதே அடம்ஸ் 1943இல் மன்சனார் முகாமுக்குச் சென்று, போரைக் காரணம் காட்டி அமெரிக்க அரசு சிறைவைத்த ஜப்பானிய வழி அமெரிக்கரைப் பெயரோடு படம்பிடித்து, 1944இல் நூலாக வெளியிட்டார். மலையைப் பார்த்த கண் மலையடிவாரத்து முள்வேலியையும் பார்க்கக் கற்றது. எமது நாட்டில் லயனல் வென்ட் 1944இல் இறக்கும்வரையில் எடுத்த படங்களிலும் நிலமும் உழைப்பாளியின் உடலும் பிரிக்கமுடியாது இணைந்திருப்பதைக் காணலாம்.

எங்கள் கரைக்கு இது எதற்கு?

மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் வாழும் எமக்கு இமயத்துப் பனிப்படங்களோடு என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. மனிதரற்ற நிலம் என்னும் பார்வை எங்கள் வாசலுக்கும் வந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து, நாம் பட்டிப்பளை ஆறு என்றழைக்கும் ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டியபோது, அப்பிரதேசம் குடிகளற்ற காடென்றே பேசப்பட்டது. அக்காட்டில் வேடர் வாழ்ந்தனர். கீழே சம்மாந்துறை, இறக்காமம் முதலிய ஊர்களின் முஸ்லிம், தமிழ் விவசாயிகளுக்குப் பழைய குளங்களும் வயல்களும் இருந்தன. காணியற்ற ஏழைச் சிங்கள விவசாயிக்கு நிலம் கிடைத்ததை நாம் வெறுக்கவில்லை; உழுபவனுக்கு நிலம் வேண்டும் என்பதே எமது கொள்கை. முன்னரே உழுதவன் படத்தில் இல்லை என்பதால் அவன் நிலத்திலும் இல்லை என்று கொள்வதையே மறுக்கிறோம். அவ்வாறு கொண்டதன் கசப்பு 1956இன் வன்செயலில் வெளிப்பட்டது.

கரையின் தோற்றமும் எம் கண்முன்னே மாறிவந்துள்ளது. 1978 நவம்பர்ச் சூறாவளி தென்னந்தோப்புகளை வீழ்த்தியது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பின் உலகத்தின் கமராக்கள் எல்லாம் எம் கரைக்கு வந்தன. இடிந்த சுவரையும் அழும் தாயையும் அவை எடுத்தன. இடியுமுன் அச்சுவர் எங்கே நின்றது, அத்தெருவின் பெயர் என்ன என்பதைக் காட்டும் படங்களோ வீட்டுப் பெட்டிகளில் இருந்து அலையோடு போயின. 2005இல் கிழக்கிற் கரையிலிருந்து 200 மீற்றர்வரை வீடு கட்டலாகாது என்று அரசு அறிவித்தது. தெற்கில் அவ்வெல்லை 100 மீற்றர். பின்னர் அவ்விதி தளர்ந்தது. ஆயினும் ‘என் வீடு இங்கேதான் இருந்தது’ என்று சொல்லவேண்டிய நிலையில் நின்றவர்களுக்கு, ஊர்த் தெருவைக் காட்டும் ஒரு சாதாரண படம் எவ்வளவு பெரிய சாட்சியாக இருந்திருக்கும்! 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தையடுத்து ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் கரையை அரிக்கும் செய்தி யாவரும் அறிந்தது. தென்னையும் தோணி ஏற்றும் இடமும் கடலுக்குள் போயின. எவ்வளவு போயிற்று என்று வாதாட வேண்டியவர் மீனவர். அளந்து காட்டப் படம் வேண்டியவரும் அவரே.

நிலக்காட்சிப் படம் வெறும் அழகுப் பொருளன்று என்பது இதனால் விளங்கும். நிலம் யாருடையது, அங்கே யார் இருந்தார்கள், என்ன மாறியது என்னும் கேள்விகளுக்கு அது விடையாகலாம். அக்கேள்விகளை மூடும் திரையாகவும் ஆகலாம். எது ஆகும் என்பதைத் தீர்மானிப்பது கருவியன்று. கருவியின் பின்னால் நிற்பவரின் சமூக உணர்வு.

இன்று அந்த நூறு இறாத்தற் சுமை மாணவனின் சட்டைப்பைக்குள் அடங்கிவிட்டது. பிறர் தோள் வேண்டாம், கூடாரம் வேண்டாம், ஈதரும் வேண்டாம். ஆனால் இலேசான கருவி இலேசான பார்வையையும் தந்துவிடும் அபாயம் உண்டு. கடலின் சூரியோதயத்தை மட்டும் ஆயிரம் முறை எடுத்துவிட்டுக் கரைவலை இழுப்பவரை ஓரத்துக்குத் தள்ளுவோமாயின், போர்ன் செய்ததையே நாமும் செய்தவராவோம். அதுவும் எங்கள் சொந்த மக்களுக்கே.

பாடசாலைகளில் வரலாறு கற்பிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கரையோரப் பாடசாலையும் தன் ஊரிற் சில இடங்களைத் தெரிந்து, ஆண்டுக்கு இருமுறை, சோளகக் காற்றுக் காலத்தில் ஒன்றும் வாடைக் காலத்தில் ஒன்றுமாக, அதே இடத்தில் நின்று அதே திசை நோக்கிப் படம் எடுக்கட்டும். கரை, வாய்க்கால், வயல், தறிக்கொட்டகை, சந்தை எதுவாயினும் ஆகட்டும். படத்தின் கீழ் நாளையும் இடத்தையும் எழுதட்டும். அங்கே நிற்பவரிடம் அனுமதி கேட்டு, அவர் இசைந்தால், அவர் பெயரையும் தொழிலையும் எழுதட்டும். செலவில்லாத வேலை இது. பத்தாண்டு தொடர்ந்தால் எந்த அலுவலகமும் தட்டிக்கழிக்க முடியாத ஆவணமாகும்.

கூலி என்பது ஊதியம். ஆள் என்பவன் மனிதன். இவ்விரண்டையும் வேறுபடுத்திச் சொல்லும் மொழி எம்மிடம் இருக்கிறது. அதே வேறுபாட்டை எமது படங்களும் சொல்லட்டும்.